மாட்டுங்காவில் ஓர் அறை வேண்டும்: 1966-இல் பத்து நாள் வீடு தேடிய பயணம்

வாடகைக்கு ஓர் அறை பார்ப்பதற்காக மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போனவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் என்று தெரியாது. நான் போனேன். 1966 ஜனவரி, எனக்கு இருபத்தோரு வயது, கூட வந்தவர் அப்பா. காசிக்கும் துவாரகைக்கும் போன கதைகளை இங்கே எழுதும்போதெல்லாம், "மும்பைக்கு மாற்றலாகிறது, வீடு தேடுவது எப்படி என்று எழுதுங்களேன்" என்று யாராவது கேட்கிறீர்கள். சரி, என் முதல் தேடலையே எழுதிவிடுகிறேன். இதிலுள்ள கட்டணங்களை நம்பி யாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

எனக்குக் கல்யாணம் ஆனது 1964 ஆவணியில். அத்தானுக்கு (என் கணவர் கோமதிநாயகத்தை அப்படித்தான் கூப்பிடுவேன்) டிராம்பே பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. மாதம் இருநூற்று எண்பது ரூபாய். அன்றைக்கு அது கௌரவமான சம்பளம். ஆனால் அவர் இருந்தது மாட்டுங்காவில் எட்டு ஆண்கள் தங்கும் ஒரு மெஸ்ஸில். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுப்பார். பெண்டாட்டியைக் கூட்டிவர அங்கே எங்கே இடம்? கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது மொத்தம் முப்பத்தெட்டு நாள். "கோலி கிடைத்ததும் கூப்பிடுகிறேன்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார். கோலி என்றால் பம்பாயில் அறை. அது தெரியாமல் முதல் கடிதத்தைப் படித்தவுடன் இவர் ஏன் கோலி விளையாடுகிறார் என்று திகைத்தேன்.

பதினெட்டு மாதம் பொறுத்தேன். ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள். "அங்க வேற குடித்தனம் இருக்குமோ?" என்று என் காதுபடவே ஒருத்தி கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானே போய்ப் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் கர்ணம். நிலத்துக்கு எல்லை, பட்டா, அடங்கல் எல்லாம் அவருக்கு அத்துபடி. நிலம் சம்பந்தப்பட்ட எந்தச் சிக்கலையும் தம்மால் பேசித் தீர்க்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. போக வர நாள் நீங்கலாகப் பம்பாயில் பத்து நாள் தங்கும்படி லீவு போட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்ப ரயில் ஏறுவார். அதற்குள் அறை கிடைத்தால் நான் அங்கே இருக்கலாம். கிடைக்காவிட்டால் அவரோடு நானும் ஏறிவிட வேண்டும். அப்புறம் மறுபடி எப்போது என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஜனவரி 24 சாயங்காலம் திருநெல்வேலியில் ஏறினோம். மறுநாள் காலை சென்னை எழும்பூர். பகல் முழுக்க சென்ட்ரல் பக்கம் உட்கார்ந்திருந்து, இரவு பம்பாய் ரயில். மூன்றாம் வகுப்பில் இரண்டு பேருக்கும் சேர்த்து எண்பத்துச் சொச்சம் ரூபாய் ஆனது. ராய்ச்சூர் தாண்டும் வரை ஜன்னலோரத்தை நான் விடவில்லை. புளிச்சோறு முதல் நாள் தாங்கியது, இரண்டாம் நாள் எலுமிச்சைச் சாதம், பூனாவில் வாங்கிய வடையை வாயில் வைக்க முடியவில்லை. 27-ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் தாதரில் இறங்கினோம். அத்தான் நிலையத்தில் நின்றிருந்தார். அப்பா பக்கத்தில் இருந்ததால் இருவரும் பெட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டோம்.

தாதரிலிருந்து மாட்டுங்கா இரண்டு கிலோமீட்டர்தான். மூட்டை முடிச்சு இருந்ததால் டாக்ஸி, ஒன்றேகால் ரூபாய். டிரைவர் வடக்கத்தி ஆள். எதற்கு வந்திருக்கிறோம் என்று விசாரித்தார். பத்து நாளில் அறை பார்க்க வேண்டும் என்று அத்தான் இந்தியில் சொன்னதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். "பாரா சால் ஹோ கயா பாய், மே இஸி காடி மே ஸோத்தா ஹூம்" என்றார். பன்னிரண்டு வருஷமாக இந்த வண்டியிலேயே படுத்துத் தூங்குகிறாராம். அப்பா ஸீட்டைத் தொட்டுப் பார்த்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன், யாருடைய படுக்கையறையிலோ செருப்போடு ஏறிவிட்டது மாதிரி இருந்தது.

தென்னிந்தியர்களுக்கான ஒரு சத்திரத்தில் நானும் அப்பாவும் தங்கினோம். ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய், பத்து நாளுக்கு மேல் தங்க முடியாது. வந்தவர்கள் வீடு கிடைக்காமல் அங்கேயே குடித்தனம் வைத்துவிடுகிறார்களாம், அதனால் அந்த விதி. காபி பதினைந்து பைசா, நம் ஊர்க் காபியை விட நன்றாகவே இருந்தது.

முதல் இரண்டு நாள் மாட்டுங்காவைச் சுற்றினோம். அகலமான தெரு, இரண்டு பக்கமும் மரம், மூன்று மாடிக் கட்டடங்கள், வாசலில் மாவுக்கோலம். பூக்கடையில் தமிழ், காய்க்கடையில் தமிழ். எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. திருநெல்வேலியில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது "வீடு வாடகைக்கு விடப்படும்" என்று அட்டை தொங்கும். இங்கே ஒரு நாள் முழுக்க நடந்தும் ஓர் அட்டையைக் காணோம். வாடகையை விசாரித்தால் இருபத்திரண்டு, இருபத்தேழு, முப்பது என்றார்கள். நான் வாயைப் பிளந்தேன். அத்தான் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு! இவ்வளவு மலிவாக இருக்கும்போது இந்த மனுஷர் ஒன்றரை வருஷமாக என்னத்தைத் தேடினார்?

"வடிவு, அது ஏற்கெனவே இருக்கிறவங்க குடுக்கிற வாடகை" என்றார் அத்தான். "சட்டம் போட்டு நிறுத்தி வச்சிருக்கான். வீட்டுக்காரன் ஏத்த முடியாது, காலி பண்ணவும் சொல்ல முடியாது. அப்படி இருக்கையில எவன் காலி பண்ணுவான்?"

"அப்ப யாருமே வீடு மாறுறதில்லையா?"

"மாறுவாங்க. போறவனுக்கு வாரவன் மொத்தமா ஒரு தொகை குடுக்கணும். பகடின்னு பேரு. ஒரு ரூம் கிச்சனுக்கு ஆறாயிரம் கேக்கான். அதுல மூணுல ஒரு பங்கு வீட்டுக்காரனுக்கு. அவன் வாங்கிக்கிட்டு வாடகை ரசீதை நம்ம பேருக்கு மாத்திக் குடுப்பான்."

அப்பா நடுத்தெருவில் நின்றுவிட்டார். "வாடகைக்கு இருக்கவன் வீட்ட விக்கானா? பட்டா யாரு பேருல இருக்கு?"

"பட்டா வீட்டுக்காரன் பேருலதான் மாமா."

"அப்பம் இவன் எத விக்கான்?"

"ரசீதை."

முப்பது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு சொத்தை அப்பா எந்தக் கணக்கிலும் ஏற்றியதில்லை. கட்டடங்களை அண்ணாந்து பார்த்தேன். பூச்சு உதிர்ந்து, குழாய் ஒழுகி, பால்கனிக் கம்பி துருப்பிடித்து நின்றன. வீட்டுக்காரர் ஏன் சரி செய்வதில்லை என்று கேட்டேன். இருபத்தேழு ரூபாய் வாங்கிக்கொண்டு ஐந்நூறு ரூபாய்க்கு எவன் பூச்சு வேலை செய்வான் என்று அத்தான் திருப்பிக் கேட்டார். யோசித்துப் பார்த்தால் வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை, 30-ஆம் தேதி, அத்தானுக்கு விடுமுறை. செம்பூருக்குப் போனோம். மாட்டுங்காவிலிருந்து குர்லா, அங்கே மாறிச் செம்பூர். எட்டு கிலோமீட்டர் சொச்சம், மாறும் நேரத்தையும் சேர்த்து நாற்பது நிமிஷம், ஆளுக்கு இருபது பைசா. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கே பார்த்தாலும் வெற்று நிலம்! தென்னை, புல், நடுநடுவே ஒரு பங்களா, மறுபடி புல். மாட்டுங்காவில் பாய் விரிக்க இடமில்லை, நாற்பது நிமிஷத்தில் இங்கே மாடு மேய்கிறது. ஒரு மனையில் அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். மேஸ்திரி சேலத்துக்காரர், தமிழ்க் குரல் கேட்டதும் ஓடி வந்தார்.

அப்பா காலடியால் அளந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "இம்புட்டு மனைய வச்சிக்கிட்டு நடுவுல மட்டும் ஏம்யா கட்டுதீரு?"

"ரூலுங்க. மூணுல ஒரு பங்குதான் கட்டணும், மீதி சும்மா கெடக்கணும். மேலயும் ரெண்டு மாடிக்கு மேல போகக் கூடாதுங்க. அந்தப் பக்கம் தெரியுது பாருங்க, அது பூராவும் பாக்டரிக்குன்னு ஒதுக்கினது. வூடு கட்ட உட மாட்டாங்க."

"பாக்டரி எங்கயா?"

"இன்னும் வரலீங்க."

காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் போட்ட விதியாகத்தான் இருக்கும். அந்தப் பங்களாவின் தோட்டத்தில் நான்கு குடித்தனம் தாராளமாகத் தங்கலாம் என்று எனக்குத் தோன்றியதை மட்டும் அடக்க முடியவில்லை. இந்தக் கட்டடத்தில் ஒரு வீடு என்ன விலை என்று கேட்டோம். கூட்டுறவு வீட்டு சொசைட்டி என்றார் மேஸ்திரி. பங்குக்குப் பன்னிரண்டாயிரம், அதுவும் சொசைட்டி ஆரம்பித்தவர்களின் சமூகத்தாருக்கு மட்டும். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்டேஷன் வாசலில் ஒரு இளநீர் நாற்பது பைசா. ஊர் விலைக்கு அநியாயம், ஆனால் குடித்தோம்.

திங்கள்கிழமை அத்தான் ஷிப்ட் முடிந்து தாராவிக்குக் கூட்டிப் போனார். மாட்டுங்காவிலிருந்து நடை, இருபத்தைந்து நிமிஷம். ரயில்வே லைனைத் தாண்டியதும் தோல் பதனிடும் வாடை மூக்கில் ஏறியது. அதற்கப்புறம் வாடையை மறந்துவிட்டேன், ஏனென்றால் என் காதில் விழுந்தது திருநெல்வேலி. "ஏ மூதி, தண்ணி புடிச்சாச்சா?" என்று ஒருத்தி கத்துகிறாள், இன்னொருத்தி "புடிச்சிட்டேம்லா!" என்கிறாள். பம்பாய் வந்து ஐந்தாம் நாள் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

அங்கே மைதீன் அண்ணாச்சி என்று ஒருவர், மேலப்பாளையத்துக்காரர், தோல் பெல்ட் பட்டறை வைத்திருந்தார். சதுப்பில் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி, பட்டறைக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறை கட்டியிருந்தார். ஒன்று காலி. பத்தடிக்கு எட்டடி, தகரக் கூரை, மண்தரை, குழாய் முப்பது வீட்டுக்கு ஒன்று. வாடகை இருபது ரூபாய், முன்பணம் நூறு, பகடி கிடையாது. நாளைக்கே வரலாம் என்றார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். மாட்டுங்காவில் இருநூற்று நாற்பது சதுர அடிக்கு இருபத்தேழு ரூபாய் கொடுக்கிறார்கள், அதாவது அடிக்குப் பதினோரு பைசா. இங்கே சேற்றில் அடிக்குக் கால் ரூபாய். இல்லாதவன்தான் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறான். இது என்ன கூத்து?

"நெலம் யாருதுவே?" என்று அப்பா கேட்டார்.

"சர்க்கார் நெலம் பிள்ளைவாள். பேப்பரு ஒண்ணும் கெடையாது. முனிசிபாலிட்டிக்காரன் எப்பமாச்சும் வந்து இடிப்பான். நாலு நாள் கழிச்சு நாம திரும்பக் கட்டிக்கிடுவோம்."

அப்பாவின் முகம் கருத்துவிட்டது. வெளியே வந்ததும் வெடித்தார். "புறம்போக்கு! முப்பது வருசமா புறம்போக்குல இருக்கவனுக்கெல்லாம் பி மெமோ எழுதி அபராதம் போட்டவன் நான். என் மவ புறம்போக்குல குடியிருக்கதா? ஊர்ல நான் எந்த மூஞ்சியோட பேனாவப் புடிப்பேன்?"

அத்தானும் தலை குனிந்துகொண்டார். அவருக்கும் என்னை அங்கே கொண்டுவர மனசில்லை. எனக்குத்தான் அந்தத் தண்ணீர்க் குழாய்ச் சண்டையை விட்டு வர மனசில்லை. ஆனால் யார் என்னைக் கேட்டார்கள்?

செவ்வாயும் வீணாகப் போனது. புதன்கிழமை ஒரு வழி திறந்தது. மெஸ்ஸுக்கு எதிர்க் கட்டடத்தில் சீதாராமன் மாமா என்று ஒருவர், கம்பெனி ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டார், இரண்டாம் மாடியில் ஒரு ரூம் கிச்சனில் தனியாக இருந்தார். மகன் சென்னையில். அங்கே போய்விட வேண்டும் என்று ஆசை. ஆறாயிரம் கொடுக்க ஆள் அமையவில்லை, குறைத்து விற்று வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுத்தால் தம் கையில் அதிகம் மிஞ்சாது என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்.

"நாலாயிரம் குடுங்கோ, போறும்" என்றார். "வீட்டுக்காரனுக்குத் தெரியப்படாது. என் தங்கை பொண்ணு, மாப்பிள்ளைன்னு சொல்லிண்டு எங்கூட வந்து இருங்கோ. ரேஷன் கார்டுல இந்த விலாசத்தைப் பதிஞ்சுடுங்கோ. ஆறு மாசம் கழிச்சு நான் கிளம்பிடறேன். அப்புறம் உங்களை யாரும் அசைக்க முடியாது. அதுவரைக்கும் வாயைத் திறக்கப்படாது, தெரிஞ்சுதோ?"

தெரிந்தது என்று மூன்று பேரும் தலையாட்டினோம். அத்தானின் சேமிப்பு, என் இரட்டை வடச் சங்கிலி, அப்பா கொண்டு வந்தது எல்லாம் சேர்ந்தால் நாலாயிரம் எட்டும். ஐந்நூறு முன்பணம் அன்றைக்கே கொடுத்தோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு பாதாம் மரம். இங்கே அம்மி, இங்கே குடம் என்று மனசுக்குள் சாமான் வைத்துக்கொண்டே சத்திரத்துக்கு நடந்தேன்.

இனி வருவது நாங்கள் செய்த மடத்தனம். பம்பாயில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக வீட்டைக் கோட்டை விட்டிருப்பார்கள். எங்களைப் போல யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

அப்பா பஞ்சாங்கம் பார்த்தார். பிப்ரவரி 4, தை வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் நல்ல நேரம். மகள் முதன்முதலாகத் தனிக்குடித்தனம் போகிறாள், பால் காய்ச்சாமல் எப்படி? ரகசியம் என்றால் காகிதத்தில் ரகசியம், ரசீதில் ரகசியம் என்றுதான் எங்களுக்குப் புரிந்திருந்தது. சாமிக்குச் செய்வதில் என்ன ரகசியம்? அத்தான் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். மாமா வீட்டை எங்களிடம் விட்டுவிட்டு ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்தார். கேட்கவும் தடுக்கவும் ஆளில்லை. நான் வாசலில் ஒன்பது புள்ளிக் கோலம் போட்டேன். அப்பா தாதர் மார்க்கெட்டில் வாங்கிய மாவிலைத் தோரணத்தை நிலையில் கட்டினார். புதுப் பித்தளைப் பானைக்குச் சந்தனம், குங்குமம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சேமியாப் பாயசம் வைத்து அந்த மாடியில் மூன்று வீட்டுக்கும் கொடுத்தேன்.

நாலாவது டம்ளரோடு திரும்பும்போது, கறுப்புத் தொப்பி போட்ட ஒருவர் படியேறி வந்தார். கையில் நீளமான ரசீதுப் புத்தகம். வீட்டுக்காரரின் குமாஸ்தா, மாதா மாதம் முதல் வாரம் வாடகை வாங்க வருபவர். மேத்தாஜி என்பார்கள் என்று பிறகு தெரிந்தது. குஜராத்தி மனுஷர். கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து நின்றார்.

"என்ன பேட்டி, பால் காச்சியாச்சா?" என்று கேட்டார். பேட்டி என்றால் மகளே, மற்றதெல்லாம் தமிழில்!

குளிர்ந்து போய்விட்டேன். "ஆச்சு ஐயா! இப்பதான் பொங்கிச்சு. கிழக்காம பொங்கிச்சு!" என்று கையிலிருந்த டம்ளரை நீட்டினேன்.

வாங்கி நிதானமாகக் குடித்தார். "சீதாராமன் சாப் எங்கே? நீங்க யாரு?"

அப்போதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஞாபகம் வந்தது. "தங்கச்சி மவ. விருந்துக்கு வந்திருக்கேன்" என்றேன்.

அவர் தோரணத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், உள்ளே பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். "இருபது வருஷமா மத்ராசி வீட்டுல பாடா வசூல் பண்றேன், பேட்டி. விருந்துக்கு வந்தவங்க பாயசம் சாப்பிடுவாங்க. பால் பொங்க மாட்டாங்க. தோரணம் கட்டிப் பால் பொங்கினா ஆள் மாறுது." டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, "அச்சா பனாயா" என்று பாராட்டியும் விட்டு இறங்கிப் போனார்.

மத்தியானமே மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார் வீட்டுக்காரர். நாலு மணிக்கு மாமா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர், ஆறாயிரம் கணக்குப்படி தம் பங்கு இரண்டாயிரம் தனியாக வேண்டும், இல்லாவிட்டால் உள்வாடகைக்கு விட்டதாக வழக்குப் போட்டு ரசீதையே ரத்து செய்துவிடுவேன் என்றாராம். எங்களிடம் இன்னும் இரண்டாயிரத்துக்கு வழியில்லை. தமக்கு வருவதில் குறைத்துக்கொண்டால் மாமாவுக்கு இரண்டாயிரம்தான் நிற்கும்.

"வெறுங்கையோட போய் நாட்டுப்பொண் முன்னாடி உக்கார முடியுமோ?" என்றார். பெட்டியைத் திறந்து எங்கள் ஐந்நூறையும் எடுத்து அப்பா கையில் கொடுத்தார். என்னைப் பார்த்தார். "நான் உன்னைத் திட்டலை, குழந்தே. ஆனா ஒரு ஆறு மாசம் பொறுத்துப் பொங்கப்படாதோ அந்தப் பால்?"

திட்டியிருந்தால் தேவலை. நான் ஓவென்று அழுதுவிட்டேன். என் அறை மட்டும் போகவில்லை, அந்த மனுஷர் மகனோடு போய் இருப்பதையும் நான் கெடுத்துவிட்டேன். அடுத்த மூன்று வருஷமும் அந்தத் தெருவழியே போகும்போதெல்லாம் இரண்டாம் மாடியை அண்ணாந்து பார்ப்பேன். முதலில் அவர் தனியாக ஜன்னலில் நிற்பார். பிறகு சென்னைக்கு எப்படியோ போய்விட்டார், ஆனால் ரசீதை விடவில்லை. அறை சும்மா கிடந்தது.

சனிக்கிழமை காலை அப்பா துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். "கெளம்புளா. அடுத்த வருசம் பாப்போம்" என்றார்.

"நான் வரலப்பா" என்றேன். அப்பாவை எதிர்த்து அதற்கு முன்னால் நான் பேசியதில்லை. "இனிமே ஒரு வருசம் என்னால முடியாது. தாராவியில அந்த ரூம் இருக்கு. இடிச்சா இடிக்கட்டும். நான் எங்க அத்தானோட இருக்கணும்."

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் இந்தத் தடவை, "நானும் அதத்தான் நெனச்சேன் மாமா" என்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

மூன்று பேரும் மறுபடி தாராவிக்கு நடந்தோம். பட்டறை வாசலில் உட்கார்ந்ததும் அப்பா மைதீன் அண்ணாச்சியை அதிகாரி மாதிரி விசாரிக்க ஆரம்பித்தார்.

"எத்தன வருசமாவே இங்க இருக்கீரு?"

"நாப்பத்தொம்பதுல வந்தேன் பிள்ளைவாள். பதினேழு வருசம் ஆவுது."

"நோட்டீசு எதும் குடுத்தானா?"

"நாலு தடவ குடுத்தான். ஒரு தடவ அபராதமும் கட்டினேன்."

"அந்த ரசீது எங்க?"

"அது எதுக்கு? அடுப்புல போட்டுட்டோம்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அட வெளங்காத மனுசா! அதுதான்வே உமக்குப் பட்டா! ஊர்ல நான் பி மெமோ குடுத்தா அவனவன் ஓடி வந்து அபராதத்தக் கட்டி ரசீத வாங்கிப் பொட்டியில பூட்டுவான். எதுக்கு? இத்தன வருசமா இங்கதான் இருக்கேன்னு சர்க்காரே எழுதிக் குடுத்த மாதிரில்லா அது! பொறவு பட்டா குடுக்கையில அந்தக் காயிதத்தக் காட்டுதவனுக்குத்தான் மொதல்ல கெடைக்கும். பதினேழு வருசத்த அடுப்புல போட்டுட்டு உக்காந்திருக்கீரே!"

அண்ணாச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. பக்கத்துப் பட்டறைக்காரர்களும் கூடிவிட்டார்கள். எந்தக் காகிதத்தை வைக்க வேண்டும், தேதியை எப்படிக் குறிக்க வேண்டும் என்று அப்பா ஒரு மணி நேரம் சொன்னார். முப்பது வருஷம் எதிர்ப்பக்கம் இருந்து பழகிய வித்தையை அன்றைக்குத்தான் இந்தப் பக்கம் நின்று சொன்னார். எழுந்து அந்த அறையைக் காலடியால் அளந்தார். தகரத்தைத் தட்டிப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஏளா, நோட்டீசு வந்தா அடுப்புல போட்டுராத. தேதி போட்டு வையி" என்றார். ஞாயிற்றுக்கிழமை தனியாக ரயில் ஏறினார். ஜன்னல் வழியாக என் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்தார். வண்டி நகர்ந்ததும் இருவரும் அழுதோம்.

பதினோரு வருஷம் அங்கே இருந்தோம். இரண்டு தடவை சுவரை இடித்தார்கள், இரண்டு தடவையும் கட்டினோம். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். ஆறு நோட்டீஸ் சேர்த்து வைத்தேன். பின்னாளில் சர்க்காரில் குடிசைகளைக் கணக்கெடுத்து, குடியிருந்தவர்கள் பேருக்கு அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையோடு அறையைக் கைமாற்றி, மேலும் கடன் வாங்கி, மாட்டுங்காவில் பகடிக்கு ஓர் அறை வாங்கினோம். வீட்டுக்காரர் பங்கை முதலிலேயே கொடுத்துவிட்டோம், அதைக் கேட்கவே வேண்டாம்.

வீடு தேடி வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். வாடகை குறைவு என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படும் முன், உள்ளே நுழைய என்ன கொடுக்க வேண்டும், வெளியே போகும்போது எதை விட்டுப் போக வேண்டும் என்று கேளுங்கள். வீட்டைக் காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பாருங்கள், முடிந்தால் ஜூலை மழையில் பாருங்கள். எல்லாக் காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள், திட்டி எழுதிய காகிதமாக இருந்தாலும் சரி. அப்புறம், அண்ணாந்து பாருங்கள். இந்த ஊரில் வீடு இல்லை என்று சொல்வது முழு உண்மை இல்லை. ஆளில்லாத ஜன்னல்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே நடந்தால் தெரியும்.

அதில் ஒன்று என்னுடையது. அத்தான் காலமான பிறகு நான் நெருளில் மகன் வீட்டோடு வந்துவிட்டேன். மாட்டுங்கா அறையை விடவில்லை. வாடகை சொற்பம், ரசீது என் பேரில் இருக்கிறது, என்றைக்காவது கட்டடத்தை இடித்துக் கட்டினால் புது வீடு கிடைக்கும் என்கிறான் மகன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் ஒட்டடை அடித்து, குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருவேன். போன மாதம் போயிருந்தபோது மாடிப்படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் புதுத் தாலிக் கயிறு, மஞ்சள்கூட மங்கவில்லை. வடாலாவில் வேறு ஒரு குடும்பத்தோடு ஒரே அறையில், நடுவில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கிறார்களாம்.

"ஆன்ட்டி, இந்த ரூம் காலியா இருக்கா? எப்பவும் பந்த்தா, பூட்டியே இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னான். பாடா எவ்வளவுன்னாலும் சொல்லுங்க."

"இல்லம்மா, ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் கதவைப் பூட்டினேன்.